கஷாயம், மாத்திரை, தாய்மை: வாசகியர் கேள்விகள்

கேள்வி: எனக்கு ஐந்தாவது மாதம். வறட்டு இருமலுக்கு அதிமதுரக் கஷாயம் பத்து நாளாகக் குடிக்கிறேன். மூலிகைதானே, தொடரலாமா?

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள். அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளைசிரைசின், உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும். தாயின் உடலில் சுரக்கும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சிசுவை அதிகம் எட்டாதபடி நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் நிற்கிறது. கிளைசிரைசின் அதையும் முடக்கிவிடும். எப்போதோ ஒரு இருமல் வில்லையைச் சப்பியதற்குப் பதற வேண்டாம். தினமும் குடிப்பதுதான் சிக்கல். அடுத்த பரிசோதனையில் பத்து நாள் குடித்ததை மறைக்காமல் சொல்லி, ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலி, கால் வீக்கம், பார்வை மங்கல் இருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள். சில மருந்துப் பொட்டலங்களில் இதே பொருள் ‘யஷ்டிமது’ என்ற பெயரில் இருக்கும். தொண்டைக்கு வெந்நீரில் ஒரு டீஸ்பூன் தேன் போதும்.

கேள்வி: குழந்தைக்கு மூன்று வாரம். பால் போதவில்லை என்று வெந்தய மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிடலாமா?

பதில்: முதலில் பால் உண்மையிலேயே குறைவா என்று பாருங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடித்து, குறைந்தது 6 முறை நன்றாகச் சிறுநீர் கழித்து, பிறந்த எடையை மீட்டிருந்தால் பால் போதுகிறது. குழந்தை அழுவதையோ மார்பு தளர்ந்திருப்பதையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைவுதான் என்றால், பெரும்பாலும் காரணம் குழந்தை மார்பைக் கவ்வும் விதம்தான். அதைச் சரிசெய்யாமல் எந்த விதையும் பாலைச் சுரக்க வைக்காது.

வெந்தயத்துக்கான ஆதாரமும் வலுவாக இல்லை. குழம்பில் தாளிப்பது வேறு, மாத்திரையில் கிராம் கணக்கில் விழுங்குவது வேறு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை சட்டென இறங்கலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அதிகரிக்கலாம். கொண்டைக்கடலை, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். குழந்தையின் சிறுநீர் சர்க்கரைப்பாகு போல மணக்கவும் கூடும். அதே மணம் ஒரு அரிய பிறவி நோய்க்கும் உண்டு என்பதால், வெந்தயம் சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லாவிட்டால் வீண் குழப்பம்தான்.

கேள்வி: மசக்கை வாந்திக்கு இஞ்சி?

பதில்: எடுக்கலாம். சுக்குப் பொடியாக நாளைக்கு மொத்தம் 1 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. நெஞ்செரிச்சல் வந்தால் குறையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் அடர் மஞ்சளாகிவிட்டால் இஞ்சியை நம்பிக்கொண்டிராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.