ஏறிய விலையும் இறங்காத பில்லும்: நுகர்வோர் கேள்வி-பதில்

கொரோனாக் கால விலைகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் தருகிறேன்.

கேள்வி: 2025 அக்டோபரில் பணவீக்கம் கால் சதவீதம்தான் என்று செய்தி படித்தேன். கொரோனாவுக்கு முன் 4,000 ரூபாயாக இருந்த என் மாத மளிகைச் செலவு இப்போது 6,000-க்குக் குறைவதில்லை. யார் சொல்வது பொய்? (வாசகி, ஈரோடு)

யாரும் பொய் சொல்லவில்லை. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். அது விலை அல்ல. 2020 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 7.61 சதவீதமாக இருந்தது. உணவுப் பொருள்களில் அது 11 சதவீதத்தைத் தொட்டது. ரிசர்வ் வங்கியின் இலக்கோ 4 சதவீதம், மேல்வரம்பு 6. அன்று ஏறிய விலையின் மேல்தான் அடுத்தடுத்த ஆண்டுகளின் ஏற்றமும் உட்கார்ந்தது. 2025 அக்டோபரின் 0.25 சதவீதம், முந்தைய ஆண்டு விலையைவிட அவ்வளவுதான் கூடியது என்று சொல்கிறதே தவிர, 2019-இன் விலை திரும்பிவிட்டது என்று சொல்லவில்லை. வருமானம் அதே அளவுக்கு ஏறாத வீட்டுக்கு அந்த இழப்பு நிரந்தரமானது. மேலும், 2020 ஏப்ரல், மே மாதங்களில் விலை சேகரிக்கும் ஊழியர்கள் கடைகளுக்குப் போக முடியாததால், அந்த இரு மாதங்களின் எண் பிற்பாடு மதிப்பீடாகவே நிரப்பப்பட்டது. நீங்கள் மிக அதிகம் கொடுத்த நாள்கள் கணக்கில் மங்கலாகத்தான் பதிவாகியிருக்கின்றன.

கேள்வி: ஊரடங்கின்போது எங்கள் ஊரில் தக்காளியைச் சாலையோரம் கொட்டினார்கள். சென்னையில் இருக்கும் என் மகள் அதே வாரம் இருமடங்கு விலை கொடுத்தாள். நடுவில் யார் தின்றார்கள்? (விவசாயி, தருமபுரி)

பெரும்பகுதியை யாரும் தின்னவில்லை, அது அழுகிப்போனது. தொற்று பரவியதால் 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. காய்கறிச் சந்தை செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. சுமை தூக்க ஆள் இல்லை, ஓட்டுநர் வர அஞ்சினார், திரும்பும் வழியில் சரக்கு கிடைக்காத லாரி இரு வழிச் செலவையும் ஒரே சுமையின் மேல் ஏற்றியது. அந்தச் சாக்கில் சிலர் கூடுதலாக வைத்து விற்றதும் உண்மை. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் பருப்பு விற்றவர் சட்டப்படி குற்றவாளி. உதிரியாக விற்கும் தக்காளிக்கு அப்படியோர் அச்சிட்ட வரம்பு இல்லை. விளைவித்தவருக்கும் வரம்பு இல்லை என்பதுதான் என் வருத்தம்: எவ்வளவு கீழே போனாலும் கேட்பார் இல்லை.

கேள்வி: 2020 மார்ச்சில், விலை ஏறும் என்று நம்பிக் கிருமிநாசினியை ஐந்து லிட்டர் கேன்களாக வாங்கி அடுக்கினேன். விற்கவில்லை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். வழக்குப் போடலாமா? (மதுரை)

நுகர்வோர் ஆணையத்தில் போட முடியாது. மறுவிற்பனைக்காக வாங்கியவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே அல்லர். பலர் இப்படி வாங்கி அடுக்கியதால்தான் அம்மாதம் 13-ஆம் தேதி கிருமிநாசினியையும் முகக்கவசத்தையும் அத்தியாவசியப் பொருள்களாக அறிவித்து, 200 மில்லி புட்டிக்கு 100 ரூபாய் என்று உச்சவரம்பு வைக்க வேண்டியிருந்தது.

கேள்வி: உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் அடிமட்டத்துக்குப் போனபோது நமக்கு ஏன் பெட்ரோல் விலை குறையவில்லை? (ஆட்டோ ஓட்டுநர், திருச்சி)

குறைந்த பணத்தை வரி எடுத்துக்கொண்டது. ஒன்றிய அரசு 2020 மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாயும், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியைக் கூட்டியது; தமிழக அரசும் அதே மே மாதம் மதிப்புக் கூட்டு வரியை உயர்த்தியது. ஊரடங்கில் வருவாய் இழந்த அரசுகளுக்குப் பணம் தேவைப்பட்டது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜூன் 7 முதல் சில்லறை விலை தினமும் ஏறத் தொடங்கியபோது அந்த வரி அப்படியே இருந்தது. 2021 நவம்பரில்தான் ஒன்றிய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாய் குறைத்தது. சவாரியே இல்லாத நாள்களில் உங்களைப் போன்றவர்கள் அதைச் சுமந்தது அநியாயம்.

கேள்வி: 2021 மே மாதத்தில் என் தந்தைக்காக ரெம்டெசிவிர் மருந்தை ஒருவரிடம் குப்பிக்குப் பல ஆயிரம் கொடுத்து வாங்கினேன். தந்தை பிழைக்கவில்லை. பணம் போனது பெரிதில்லை, ஏமாந்தது உறுத்துகிறது. (சென்னை)

உங்களிடம் பில் கேட்டீர்களா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏப்ரலில் நிறுவனங்கள் குறைத்து அறிவித்த விலை, 100 மில்லிகிராம் குப்பிக்கு 899 முதல் 3,490 ரூபாய் வரைதான். அதற்கு மேல் வாங்கியது முழுவதும் கொள்ளை. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகளே வரம்பு. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டு என்றாலும், விற்றவரை அடையாளம் காட்டியாக வேண்டும். வங்கி வழியே பணம் போயிருந்தால் அந்தப் பதிவோடு காவல் துறையில் புகார் கொடுங்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்: முன்பே கிடைத்திருந்தால் தந்தை பிழைத்திருப்பார் என்ற எண்ணம். அப்போதைய உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் இம்மருந்தைப் பரிந்துரைக்கவே இல்லை.

அந்த நாள்களில் நானும் ஓர் ஆக்சிமீட்டரை மும்மடங்கு விலைக்கு வாங்கினேன். விரலுக்குப் பதில் பேனாவை நுழைத்தாலும் 97 என்று காட்டியது. விற்றவர் தன் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார். இத்தகைய கருவிகளுக்கு வணிக லாப வரம்பு வந்தது 2021 ஜூலையில்தான். அதற்குள் இரண்டாம் அலை ஓய்ந்திருந்தது.

கேள்வி: சமையல் எண்ணெய் உறை பார்ப்பதற்கு ஒரு லிட்டர் போலவே இருக்கிறது, சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பிஸ்கட்டும் அப்படியே. என் பிரமையா? (இல்லத்தரசி, சேலம்)

பிரமை இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. கொரோனாவில் மலேசியா எல்லையை மூடியதால் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வரவில்லை, விளைச்சல் மரத்திலேயே நின்றது, விலை ஏறியது. அது தணியும் முன்பே 2022-இல் உக்ரைன் போரும் இந்தோனேசியாவின் ஏற்றுமதித் தடையும் சேர்ந்துகொண்டன. செலவு கூடிய நிறுவனம் விலையை ஏற்றினால் வாங்குபவர் கண்டுகொள்வார். ஆகவே விலையை அப்படியே விட்டு, உள்ளே இருப்பதைக் குறைத்தார்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் ஐந்து ரூபாயாகவே இருக்க, எடை மட்டும் கரைந்தது. கீழே பொடி எழுத்தில் எடையைச் சரியாக அச்சிட்டுவிட்டால் இது சட்டப்படி குற்றமும் ஆகாது. ஆனால் வாங்குபவரின் பார்வைக்கு எட்டாது என்று தெரிந்தே செய்வது நேர்மையாகாது.

எண்ணெயில் இன்னொரு வேலையும் நடந்தது. எண்ணெய் சூடானால் விரியும். 21 பாகை (டிகிரி செல்சியஸ்) வெப்பத்தில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் ஏறத்தாழ 919 கிராம். 60 பாகையில் 893 கிராம்கூட இல்லை. உறையில் '60 பாகையில் ஒரு லிட்டர்' என்று அச்சிட்டால் ஒவ்வோர் உறையிலும் 26 கிராம் மிச்சம். இப்படி வெப்பநிலையைக் குறிப்பிடக் கூடாது, அளவுடன் எடையையும் போட வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அலகு விலையை அச்சிடும் விதியும் வந்துவிட்டது: ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு என்று இருக்க வேண்டும். கடையில் உறையின் முகப்பைப் பார்க்காதீர்கள். பின்புறம் அந்த ஓர் எண்ணை மட்டும் இரண்டு நிறுவனங்களுக்கிடையே ஒப்பிடுங்கள். அது அச்சிடப்படவில்லை என்றால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பல் மருத்துவர் இன்னும் பில்லில் 'கொரோனாப் பாதுகாப்புக் கவசம்' என்று 300 ரூபாய் சேர்க்கிறார். கேட்கலாமா? (கோவை)

பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கவசம் அணிந்திருந்தாரா என்றும் கேளுங்கள். அணியாமல் வாங்கியிருந்தால் அந்தப் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.