பேஸ் கிட்டாரின் டோன் குமிழ் என்ன செய்கிறது? அதை மேம்படுத்த முடியுமா?

ஃபெண்டர் ஜாஸ் பேஸ் போன்ற பேட்டரி இல்லாத கிட்டாரில் டோன் குமிழ் ட்ரெபிளை, அதாவது கூர்மையான ஒலிகளை, குறைக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் (பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட்) கூர்மையான ஒலிகளை மட்டும் எர்த் பக்கம் வடித்துவிடுகிறது. டீ வடிகட்டி மாதிரிதான்: சக்கையை எடுக்கும், சர்க்கரை போடாது.

ஒலியைக் கூட்டுவதற்கு மின்சக்தி வேண்டும். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே என்ற பேஸ் கிட்டாரில் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (ஒலியைக் கூட்டும் சின்ன மின்சுற்று) உள்ளேயே இருந்தது. பேஸ் (அடி ஒலி), ட்ரெபிள் இரண்டையும் கூட்டலாம். பழைய கிட்டாரிலும் இப்படி ஒன்றைப் பொருத்தலாம். 9 வோல்ட் பேட்டரிக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்; செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும்.

பேட்டரி இல்லாத சாதா கிட்டாரில் டோன் குமிழை முழுதாகக் குறைத்தால் பேஸ் கூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கூடுவதில்லை, ட்ரெபிள் போனதால் அப்படிக் கேட்கிறது.