கிறிஸ்துவின் இயல்பு பற்றிய நம்பிக்கை எப்படி வளர்ந்தது என்று படிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பூசையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், அதாவது நாம் எதை நம்புகிறோம் என்று அறிக்கையிடும் செபத்தில் இருந்து தொடங்குங்கள். நான் தொடங்கியது என்னவோ திருகோணமலை டச் பே கடற்கரையில், ஒரு சுருள் கச்சானோடு.

கோணேசர் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகும் நண்பன் ஒருவன், கச்சான் கோதை உடைத்துக்கொண்டே கேட்டான்: "மச்சான், எங்கட சிவன் பிறப்பிலி. உங்கட ஆள் பிறந்தவர்தானே? பிறந்தவர் எப்பிடியடா கடவுள்?" மறைக்கல்வி வகுப்பெல்லாம் எடுத்தவன் நான். வாயில் ஒன்றும் வரவில்லை. "அது மறைபொருள்" என்று சமாளித்தேன். சிரித்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு "இவர் உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்; தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து சொல்லும்போதுதான் உறைத்தது: இது யாருக்கோ சொன்ன மறுமொழி! அந்த யாரோ, அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ். மகன் தந்தையிடம் இருந்து வந்தவர் என்றால் மகன் இல்லாத ஒரு நிலை இருந்திருக்க வேண்டும், ஆகவே அவரும் படைக்கப்பட்டவர்தான், படைப்புகளில் தலையானவர் என்பது அவர் வாதம். 325இல் நைசியாவில் (இன்றைய துருக்கியில்) சங்கமாகக் கூடிய ஆயர்கள் அதை மறுத்து எழுதிய வரிதான் இது.

ஆகவே தோற்றவர்களின் கேள்வியை முதலில் படியுங்கள். நான் முதலில் பேதகங்களை, அதாவது திருச்சபை தவறென்று ஒதுக்கிய கொள்கைகளை, பரீட்சைக் குறிப்புப் போல எழுதி வைத்தேன். கொப்பி நிறையப் பெயர்கள், தலையில் ஒன்றும் இல்லை.

நைசியாவோடு விஷயம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் சண்டை சூடு பிடித்தது. நைசியாவைத் தாங்கிப் பிடித்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 5 முறை நாடு கடத்தப்பட்டார். அந்தச் சங்கத்தைக் கூட்டிய பேரரசர் கொன்ஸ்தந்தீனுக்கே 337இல் சாகும் தறுவாயில் திருமுழுக்குக் கொடுத்தவர், ஆரியுஸ் பக்கம் நின்ற ஓர் ஆயர்! 350களில் மகன் தந்தையோடு 'ஒரே பொருளா, அவரைப் போன்ற பொருளா' என்று பிடுங்குப்பட்டார்கள். கிரேக்கத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். கொன்ஸ்தாந்திநோபிளில் பாண் என்ன விலை என்று கேட்டால் "தந்தை பெரியவர், மகன் சிறியவர்" என்று மறுமொழி வருகிறது என அந்தக் கால ஆயர் நிசாவின் கிரகோரி அலுத்துக்கொள்கிறார். எங்கள் ஊர்ச் சந்தையில் தேர்தல் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதையெல்லாம் நண்பனிடம் கொண்டுபோனேன். அவன் விடவில்லை. "சரி, அப்ப சிலுவையில செத்தது ஆர்? கடவுளா, மனிசனா?"

அடுத்த நூற்றாண்டு முழுக்க இந்தக் கேள்விதான். கடவுள் பிறந்தார் என்று சொல்லலாமா என்ற தயக்கத்தில், மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைப்பதைக் கொன்ஸ்தாந்திநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ் எதிர்த்தார். 431இல் எபேசுச் சங்கம் அவரை நீக்கியது. செபமாலையில் 'இறைவனின் தாயே' என்று வரும் இடத்தில் இப்போது எனக்கு நாக்கு ஒரு கணம் நிற்கும். 451இல் கல்செதோன் சங்கம் ஒரே ஆள், இரண்டு இயல்புகள் என்றது: கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல். நாலும் 'இல்லை' என்பதுதான். எப்படி என்று சொல்லவே இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். எகிப்திலும் ஆர்மீனியாவிலும் இந்தச் சங்கத்தின் முடிவை ஏற்கவில்லை.

நெஸ்தோரியுஸைக் கண்டித்ததை ஏற்காத பாரசீகத் திருச்சபை நம் தீவிலும் இருந்தது. பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு இங்கே ஒரு கோயில் இருந்ததென்று 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதியிருக்கிறார். அநுராதபுரத்தில் 1912இல் கிடைத்த கற்சிலுவையை அவர்களோடு சேர்த்துப் பேசுவார்கள். அதைப் பார்க்கப் போக வேண்டும் என்றேன். நண்பனும் வருகிறானாம், வழிநெடுகக் கேட்க அவனிடம் இன்னும் கேள்வி இருக்கிறதாம்.