தங்கசாலைக்குப் போன வானியலாளர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். இரண்டு பெண் குழந்தைகள். ஆசைப்பட்டு வாங்கிய தொலைநோக்கி மொட்டை மாடி அறையில் தூசி படிந்து கிடக்கிறது. ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் பன்னிரண்டு பிள்ளைகள், வானியல், நாணயம் அடிக்கும் இங்கிலாந்து தங்கசாலையின் தலைமைப் பதவி என்று எல்லாவற்றையும் சமாளித்திருக்கிறாரே, எப்படி? அவர் எழுதிய கடிதங்களில் ஏதாவது வழி கிடைக்குமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக ஏறத்தாழ 15 ஆயிரம் கடிதங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. நீங்கள் தேடும் வழி அவற்றில் கிடைக்காது. ஏனென்றால், பகலில் அலுவலகம், இரவில் தொலைநோக்கி என்றொரு வாழ்க்கையை ஹெர்ஷல் வாழவே இல்லை.

ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 1834 ஜனவரியில் மனைவி மார்கரெட்டோடும் மூன்று குழந்தைகளோடும் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் போய் இறங்கினார். 1838 வரை தென்வானத்தை அலசினார். ஊர் திரும்பிய பிறகு தொடர்ந்து வானத்தை ஆராயும் வேலையை அநேகமாக விட்டேவிட்டார். எடுத்து வந்த குறிப்புகளைக் கணக்குப் போட்டு நூலாக்கவே 1847 ஆகிவிட்டது. தங்கசாலைத் தலைவராகப் பொறுப்பேற்றது 1850 இறுதியில். தொலைநோக்கிக்கும் பதவிக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை ஒரே பத்தியில் சுருக்கிச் சொல்லும்போது இந்த இடைவெளிகள் காணாமல் போய்விடுகின்றன. அதைப் படித்துவிட்டு உங்களைப் போன்றவர்கள் தங்களையே நொந்துகொள்வதுதான் எனக்கு வருத்தம்.

முனையில் இருந்த நாட்கள்தான் அவர் வாழ்க்கையின் பொற்காலம். இருபது அடித் தொலைநோக்கி, அதில் ஒளியைத் திரட்டப் பதினெட்டு அங்குல உலோக ஆடி. அந்த ஆடி காற்றுப்பட்டால் மங்கும்; அவரே உட்கார்ந்து மறுபடி மெருகேற்ற வேண்டும். அப்படி உழைத்து மங்கிய மேகம்போலத் தெரியும் நெபுலாக்கள் என்ற வான்பொருள்களையும் விண்மீன் கொத்துகளையும் சேர்த்து 1,707-ஐயும், 2,102 இரட்டை விண்மீன்களையும் பதிவு செய்தார். பகலில் கணவனும் மனைவியும் சேர்ந்து அந்த நாட்டுப் பூக்களை வரைந்தார்கள். ஒரு சிறு கண்ணாடிப் பட்டகத்தின் வழியாகப் பார்த்தால், எதிரே இருக்கும் பூவின் உருவம் தாளின் மேல் விழுந்தாற்போலத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பென்சிலால் வரைவார். மார்கரெட் வண்ணம் தீட்டுவார். நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அப்படி உருவாயின. அங்கேயே மேலும் மூன்று குழந்தைகளும் பிறந்தன. வேலையும் வீடும் ஒரே வளாகத்தில் இருந்தன என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

தங்கசாலையில் நடந்தது நேர் எதிர். ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த பதவி அது. ஹெர்ஷல் காலத்தில், பரம்பரையாக நாணயம் அடித்துவந்த குழுவின் தனியுரிமையை ஒழித்து நிர்வாகத்தையே புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. பவுண்டைப் பத்தின் மடங்குகளாகப் பிரிக்க வேண்டும் என்று வாதாடினார். அணாக் கணக்கில் வளர்ந்து 1957-ல் நயா பைசாவுக்கு மாறிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். அவர் காலத்தில் அது நிறைவேறவில்லை. அலுவல் லண்டனில், குடும்பமோ கென்ட் பகுதியிலுள்ள ஹாக்ஹர்ஸ்ட் கிராமத்தில். அறுபதை நெருங்கும் வயதில் தனியறை, கோப்புகள், ஓயாத கூட்டங்கள். அந்த ஆண்டுகளின் கடிதங்களில் களைப்பும் தனிமையும் வரிக்கு வரி தெரிகின்றன. உடலும் மனமும் நொறுங்கி 1855-ல் பதவியை விட்டார். சமாளித்தார் என்கிறீர்கள்; சமாளிக்க முடியாமல்தான் வெளியே வந்தார்.

பன்னிரண்டு பிள்ளைகளையும் சமாளித்தது யார்? மார்கரெட். 1829-ல் திருமணம் நடந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது, ஹெர்ஷலுக்கு முப்பத்தாறு. கண்டம் தாண்டி வீட்டை நடத்தியதும், கணவர் லண்டனில் இருந்தபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அந்தக் கணக்கை விட்டுவிட்டு ஹெர்ஷலை மட்டும் புகழ எனக்கு மனம் வருவதில்லை. நீங்களும் உங்கள் மனைவியிடம் பேசிவிட்டு, வாரத்தில் ஓர் இரவை மட்டும் ஒதுக்குங்கள். பெண் பிள்ளைகளையும் மாடிக்குக் கூட்டிப் போங்கள். ஒருத்தி நேரம் குறிக்கட்டும், இன்னொருத்தி படம் வரையட்டும். நிலா ஒன்றே ஓராண்டுக்குப் போதும்.

கேள்வி: ஹெர்ஷல் குடும்பத்துக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?
– வரலாற்று ஆசிரியை, ஆம்பூர்

பதில்: நிறைய உண்டு அம்மா. இரண்டு மகன்கள் இங்கே வேலைக்கு வந்தார்கள். மூத்தவர் வில்லியம், வங்காளத்தில் அதிகாரியாக இருந்தவர். 1858-ல் ஜங்கிபூரில் ஓர் ஒப்பந்தக்காரரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். பிறகு பல ஆண்டுகள் விரல் ரேகைகளைச் சேகரித்து, அவை வயதானாலும் மாறுவதில்லை என்று கண்டார். 1877-ல் ஹூக்ளியில் பத்திரப்பதிவிலேயே ரேகை வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். குடியாத்தம் வாசகர் தன் அலுவலகத்தில் நாள்தோறும் வாங்கும் பெருவிரல் ரேகைக்கு முன்னோடி, அவர் வியக்கும் அதே ஹெர்ஷலின் மகன்தான்!

இன்னொரு மகன், முனையில் பிறந்த ஜான். நிலஅளவைப் பணியில் இருந்த ராணுவப் பொறியாளர். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை, இன்றைய கர்நாடகத்திலுள்ள ஜம்கண்டியிலிருந்து ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி கொண்டு ஆராய்ந்தார்.

நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு சொல்கிறேன். 1781-ல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷலின் தந்தை வில்லியம். அதன் நிலவுகளுக்கு டைட்டானியா, ஓபெரான், ஏரியல், அம்ப்ரியல் என்று பெயரிட்டவர் ஜான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அன்று விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. அப்போது காவலூர் நம் வடஆற்காடு மாவட்டம். இப்போது திருப்பத்தூர் மாவட்டம். உங்கள் வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: விருச்சிகத்தில் வானமே ஓட்டையாக இருக்கிறது என்று ஹெர்ஷலுக்கு அவருடைய அத்தை கடிதம் எழுதினாராமே, உண்மையா? நம் ஊரிலிருந்து பார்க்கலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஆற்காடு

பதில்: உண்மைதான் கண்ணு. அத்தை கரோலின், தன் அண்ணன் வில்லியம் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வதை இரவெல்லாம் எழுதிக்கொண்ட பெண்மணி. தாமே வால்மீன்களைக் கண்டுபிடித்தவர். ஜான் முனைக்குக் கிளம்பிய 1833-ல் அவருக்கு எண்பத்து மூன்று வயது, ஜெர்மனியின் ஹானோவரில் இருந்தார். விருச்சிகத்தின் கீழ்ப்பகுதியில் நன்றாகத் தேடிப் பார் என்று மருமகனுக்கு எழுதினார். அங்கே அழகான விண்மீன் கொத்துகள் நிறைந்திருப்பதாக முனையிலிருந்து பதில் வந்தது. அத்தை விடவில்லை. நான் கேட்டது கொத்துகளை அல்ல. உன் அப்பா ஒரு நாள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இங்கே வானத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கிறது என்று சொன்னாரே, அந்த இடத்தைத்தான் என்று மறுபடி எழுதினார். அந்த வயதில் அவ்வளவு தெளிவாக ஒரு வானியல் கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

அது ஓட்டை இல்லை. பின்னாலிருக்கும் விண்மீன்களின் ஒளியை மறைக்கும் தூசு மேகம். இங்கிலாந்தில் தேளின் வால் அடிவானத்துக்கு மேலே சரியாக வராது. நாம் பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரிதான் வடக்கே இருக்கிறோம். முழுத் தேளும் தெற்கே எழும்பி நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் அமாவாசையை ஒட்டி, இரவு ஒன்பது மணி வாக்கில் பார். ஊர் விளக்குகள் இல்லாத இடம் வேண்டும். ஜவ்வாது மலைப் பக்கம் உறவினர் இருந்தால் நல்லது. சிவப்பாக மின்னுவது கேட்டை. அதன் வலப்பக்கம் இருநோக்கியில் (பைனாகுலர்) பஞ்சுபோல ஒரு கொத்து தெரியும். கேட்டைக்குச் சற்று மேலே விண்மீன்கள் குறைந்து இருண்டிருக்கும் பகுதிதான் நீ கேட்ட இடம். பார்த்த தேதியையும் நேரத்தையும் குறித்து, படமும் வரைந்து எனக்கு அனுப்பு.