மலைத் தோட்டத்துக்கு எந்தக் கத்தி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறோம். வார இறுதியில் சேலத்திலிருந்து சென்று நாங்களே வேலை பார்க்கிறோம். உண்ணிச்செடிப் புதரை அகற்றவும், காற்றில் ஒடிந்து விழும் சில்வர் ஓக் கிளைகளைத் துண்டு போடவும், விறகு பிளக்கவும், மூங்கில் வெட்டவும் பெரிய கத்தி ஒன்று தேவைப்படுகிறது. இணையக் கடைகளில் முதுகில் ரம்பப் பல்லும் உடலெல்லாம் கறுப்புப் பூச்சும் உள்ள கத்திகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கலாமா, அல்லது பட்டறையில் கொடுவாள் அடித்து வாங்குவது நல்லதா?
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: பட்டறையில் அடித்த கொடுவாளையே வாங்குங்கள். நீங்கள் சொல்லியிருக்கும் நான்கு வேலைகளில் மூன்றுக்கு அது போதும். நான்காவதான உண்ணிச்செடிக்கு மட்டும் வேறு கத்தி இருந்தால் கை நோகாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய கத்தி வாங்குகிறவர்களில் பலர் நீளத்தையும் தோற்றத்தையும் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு அதை அட்டத்தில் போட்டுவிடுகிறார்கள்.

பச்சைத் தண்டை வெட்டுவது வேகம். காய்ந்த கட்டையை வெட்டுவது எடை. உண்ணிச்செடியின் இளந்தண்டு அடிக்கு வளைந்து கொடுக்கும். ஆகவே அலகு மெல்லியதாகவும் நீளமாகவும், வீசும்போது கைக்கு இலேசாகவும் இருக்க வேண்டும். முதுகுத் தடிமன் 2 முதல் 3 மில்லிமீட்டர் உள்ள நீளமான புதர்க்கத்தி அதற்குப் பொருத்தம். சில்வர் ஓக் கிளையோ விறகோ அப்படி வளையாது. அங்கே முதுகு 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனாகவும், எடை கைக்கு அருகே இல்லாமல் முன்பக்கத்தில் விழும்படியும் இருந்தால்தான் ஒவ்வோர் அடியும் ஆழமாக இறங்கும். இரண்டு வேலைக்கும் ஒரே கத்தியைத் தேடினால் இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் கத்திதான் கிடைக்கும்.

கொடுவாளின் வடிவம் நம் தோட்ட வேலைக்காகவே அமைந்தது. முன்பக்கம் அகன்று, நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால் எடை தானாகவே முன்னே விழுகிறது. முள்ளோடு பின்னிக் கிடக்கும் கொடியைக் கையால் தொடாமல் அந்த வளைவால் இழுத்துப் பிடித்து அறுக்கலாம். சேர்வராயன் மலையில் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே கடினமான பாறை கிடக்கிறது. நேரான கூர்நுனிக் கத்தி தரைக்கு அருகே வீசப்படும்போது நுனிதான் முதலில் கல்லில் பட்டு உடையும். வளைந்த நுனிக்கு அந்த ஆபத்து குறைவு.

அலகு 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். பிடியோடு சேர்த்து மொத்த எடை 500 முதல் 700 கிராமுக்குள் அடங்கினால் பழக்கமில்லாத கையும் அரை நாள் தாங்கும். கிலோக் கணக்கில் எடையுள்ள கத்தி முதல் பத்து வெட்டுக்குப் பெருமையாக இருக்கும். பிறகு மணிக்கட்டு தளர்ந்து குறி தவறத் தொடங்கும். குறி தவறிய பெரிய கத்தி முழங்காலுக்கு வரும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி, நீங்கள் இணையத்தில் பார்த்த கத்தியைப் பற்றி. முதுகில் உள்ள அந்த ரம்பப் பல் பெரும்பாலும் மரத்தை அறுக்காது. ரம்பத்தின் பற்கள் இடமும் வலமுமாகச் சாய்ந்து, அலகைவிட அகலமாக வழி விட்டால்தான் மரத்தூள் வெளியேறும். தடித்த கத்தியின் முதுகில் வெட்டிய பல்லுக்கு அந்த வழி கிடையாது. சிறிது இறங்கியதும் இறுகிக்கொள்ளும். அதோடு, மூங்கிலையோ விறகையோ பிளக்கும்போது கத்தியை அதன் மேல் வைத்து முதுகில் கட்டையால் தட்டுகிறோம் அல்லவா, அந்த வேலைக்கும் பல் இடைஞ்சல். தட்டும் கட்டையை அது கொறித்துவிடும். சில கத்திகளில் பிடி உள்ளே வெற்றிடமாக இருக்கும். தீப்பெட்டி, நூல், ஊசி வைக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். அப்படிப்பட்ட பிடியில் அலகு ஒரு குட்டையான திருகாணியில்தான் நிற்கிறது என்று பொருள். ஓங்கி வெட்டும் கத்திக்கு அது ஆகவே ஆகாது. அலகின் இரும்பே வாலாக நீண்டு, பிடியின் முழு நீளத்துக்கும் சென்று, இரண்டு மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய முறையில் வாலைக் கட்டைக்குள் இறக்கிப் பூண் போடுவதும் நல்லதே. ஆனால் வால் பிடியின் பாதிக்குமேல் செல்கிறதா, நுனி மறுபக்கம் மடக்கி அடிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பிடியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. விரல்கள் சுற்றிவந்து உள்ளங்கையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் பருமன்தான் சரி. அடிப்பக்கம் சற்றே பருத்திருந்தால் மழையில் நனைந்த கையிலிருந்தும் நழுவாது. புளி, கருவேலம், கொய்யா ஆகிய கட்டைகள் அதிர்ச்சியைத் தாங்கும். பளபளப்பான வார்னிஷ் பூசியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அது கையில் கொப்புளம் போடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். காப்பிச் செடியின் கவாத்துக்கு இந்தக் கத்தியைத் தொடாதீர்கள். ஓங்கி வெட்டினால் பட்டை கிழியும், கிழிந்த இடத்தில் அழுகல் இறங்கும். அதற்குக் கவாத்துக் கத்தரியும் சிறிய வளைரம்பமும் தனியாக இருக்கட்டும். சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருந்தால் அந்த மரத்தின் கிளையையும் ரம்பத்தாலேயே எடுங்கள். ஒரு தவறான வீச்சு பல ஆண்டு வளர்ந்த கொடியை அடியோடு அறுத்துவிடும்.

கேள்வி: பட்டறையில் இரண்டு முறை கொடுவாள் வாங்கினேன். ஒன்றின் வாய் மடங்கிப்போனது. மற்றொன்றின் வாய் கணுவில் பட்டுச் சில்லாகத் தெறித்தது. இரண்டும் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை என்றுதான் சொன்னார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே நல்லது கெட்டது தெரிந்துகொள்ள வழி உண்டா?
– ஓமலூர் வாசகர்

பதில்: இரும்பு நல்லதுதான். தவறு தோய்ச்சலில், அதாவது அலகைக் காய்ச்சி நனைத்துப் பதமேற்றும் வேலையில் நேர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டையில் கரிமம் ஏறக்குறைய அரை சதவீதத்திலிருந்து 0.6 சதவீதம் வரை இருக்கும். வெட்டுக் கத்திக்கு அது பொருத்தமான அளவு. ஆனால் ஒரே பட்டையிலிருந்து மெழுகுபோல் மடங்கும் கத்தியையும் கண்ணாடிபோல் தெறிக்கும் கத்தியையும் அடிக்க முடியும்.

உலையில் அலகு சிவந்து, காந்தம் ஒட்டாத நிலைக்கு வர ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குச் சற்று மேலே காய்ச்சி, வாயை எண்ணெயில் நனைத்தால் இரும்பு கடினமாகிறது. போதிய சூடு ஏறாமல் நனைத்தால் கடினம் ஏறாது. உங்கள் முதல் கொடுவாளுக்கு அதுதான் நடந்திருக்கலாம். சரியாக நனைத்த அலகும் அப்படியே விட்டால் உடையும். மீண்டும் மிதமான சூடு காட்டிப் பதம் இறக்க வேண்டும். தேர்ந்த கொல்லர் வேலை செய்யும்போது அருகில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வாயை மட்டும் நனைத்து வெளியே எடுத்து, ஒரு பக்கத்தைக் கல்லால் தேய்த்து வெள்ளையாக்குவார். முதுகில் தங்கியிருக்கும் சூடு வாயை நோக்கி ஊர்ந்து வர, தேய்த்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியாக நீலம் என்று நிறம் ஓடும். மஞ்சள் 220 டிகிரி அளவில் தோன்றும். நீலம் 300 டிகிரியை ஒட்டி வரும். ஓங்கி வெட்டும் கத்திக்குப் பழுப்பும் ஊதாவும் வாயை எட்டும் நொடியில் மறுபடி நனைத்து நிறுத்த வேண்டும். சில நொடி முந்தினால் தெறிக்கும், சில நொடி பிந்தினால் மடங்கும். இந்தக் கண் பதத்துக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். இதில் பேரம் பேசுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

வாங்குமுன் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. நல்ல அரம் ஒன்றை வாயின் ஓரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டே போனால் கடினம் மிகுதி, தெறிக்கக்கூடும். வெண்ணெயைப் போல வாரி எடுத்தால் மென்மை, மடங்கும். சிரமப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தால் சரியான பதம். அடுத்து, தீட்டிய வாயை ஒரு பித்தளைக் கம்பியின் மேல் சாய்த்து அழுத்தி நகர்த்துங்கள். வாயின் மெல்லிய ஓரம் வளைந்து, அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வளைந்தபடியே நின்றாலும், துகள் உதிர்ந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் சொல்வதானால் 54 முதல் 57 வரை இருப்பது பெரிய வெட்டுக் கத்திக்கு ஏற்றது. சிறிய கத்திக்கு 60 வரை போகலாம், அதை யாரும் ஓங்கி அடிப்பதில்லை அல்லவா.

இன்னொரு எச்சரிக்கை. சங்ககிரி, நாமக்கல் பக்கம் பழைய லாரிப் பட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாரம் ஏற்றிப் பல ஆண்டு ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். அடித்து முடித்த அலகைத் தொங்கவிட்டுச் சுண்டினால் நீண்ட ஒலி எழ வேண்டும். ஒலி அடைத்துப் போனால் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: சேலம் எவர்சில்வர் உலகப் புகழ் பெற்றது. அதில் அடித்தால் துருவே பிடிக்காதே, ஏன் கொல்லர்கள் மறுக்கிறார்கள்?
– ஆத்தூர் வாசகர்

பதில்: பாத்திரத்துக்குப் பெரிதும் பயன்படும் 304 ரகத் தகட்டைக் காய்ச்சி நனைத்தாலும் கடினமாகாது, அதன் குணம் அப்படி. கத்திக்கென்று வேறு துருப்பிடிக்காத எஃகு ரகங்கள் உள்ளன. அவற்றைக் கடினமாக்க 1,000 டிகிரிக்கு மேல் கட்டுப்பாடான சூடு தேவை. கரி உலையில் அது கைகூடாது. கொல்லர் மறுப்பது நேர்மை. சேலத்து இரும்பின் பெருமை எவர்சில்வருக்கும் முந்தையது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது: 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது சேலம் மாவட்டத்துக் கனிமத்தைத்தான் நம்பியிருந்தார்; அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே கஞ்சமலைப் பகுதியில் இரும்பு உருக்கினார்கள்.

கேள்வி: எங்கள் வீடு ஏற்காட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் ஒரே இரவில் அரிவாளில் துரு ஏறிவிடுகிறது. சாணை பிடித்தபிறகு முன்பைவிட விரைவாக மழுங்குகிறது. என்ன செய்யலாம்?
– ஏற்காடு வாசகி

பதில்: மழுங்குவதை முதலில் பார்ப்போம். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வாய் சூடேறி நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் கொல்லர் ஏற்றிய பதம் இறங்கிவிட்டது. எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அந்த ஓரத்தைத் தேய்த்து நீக்கினால் உள்ளிருக்கும் நல்ல இரும்பு வெளிவரும். இனிமேல் கைச்சாணையிலும் அரத்திலும் மட்டும் தீட்டுங்கள். சக்கரம்தான் வழி என்றால் ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி சாய்வு போதும். சவரக் கத்திபோல் மெலிதாக்கினால் முதல் கணுவிலேயே வாய் போய்விடும்.

துருவுக்கு, வேலை முடிந்ததும் செடிப் பாலைக் கழுவித் துடைத்து, அடுப்பருகே சற்று நேரம் வைத்து ஈரம் போக்கி, தேங்காயெண்ணெய் துளி விட்டுத் துணியால் பூசினால் போதும். தோல் உறைக்குள் வைத்தபடியே வாரக்கணக்கில் விடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பின்மேல் பிடித்து வைக்கும். வேலைக்குச் செல்லும்போது மட்டும் உறை, வீட்டில் சுவரில் ஆணி. பிடிக்கு ஆண்டுக்கொரு முறை ஆளிவிதை எண்ணெய் தடவினால் ஊதாது, வெடிக்காது.

கேள்வி: கல்லூரி நண்பர்களோடு சேர்வராயன் மலையில் மலையேற்றம் செல்ல இருக்கிறோம். பாதுகாப்புக்காக 12 அங்குலக் கத்தி ஒன்றை எடுத்துச் செல்லலாமா?
– சேலம் மாணவர்

பதில்: வேண்டாம். ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் இடம்பெற்றுள்ளன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று வடிவமைத்தவைக்கே விலக்கு. தோட்டத்துக்குக் கொடுவாள் கொண்டுபோகும் விவசாயிக்கு அந்த விலக்கு உண்டு. பேருந்தில் பைக்குள் போர்க்கத்தியோடு செல்லும் மாணவர் காவலரிடம் என்ன காரணம் சொல்வார்? காப்புக்காட்டுக்குள் மரம் வெட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆக, பெரிய கத்திக்கு மலையேற்றத்தில் வேலையே இல்லை. காட்டுமாடு எதிரே வந்தால் சத்தம் போடாமல் விலகி வழி விடுவதுதான் பாதுகாப்பு. கத்தி தைரியத்தைக் கூட்டி ஆபத்தில் மாட்டிவைக்கும்.

கயிறு அறுக்கவும் பழம் நறுக்கவும் 4 அங்குலத்துக்குக் குறைந்த, மடங்காத அலகுள்ள சிறிய கத்தி ஒன்றை உறையோடு பையின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுமுன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெறும்போதே அதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்.