மூன்றாம் வகுப்புப் பரீட்சைக்காக ஒரு பொய்

கேள்வி: நான் குரோம்பேட்டையில் வசிக்கிறேன். ஆப்பிரிக்காவில் சிம்பன்சி காப்பகம் ஒன்றில் வளர்ந்த தாயில்லாக் குட்டிக்கு நான்கு வருடமாக மாதாமாதம் பணம் அனுப்பி வந்தோம். மகளின் பிறந்தநாள் பரிசாக ஆரம்பித்தது அது. 'அப்பு' என்று அவள்தான் பெயர் வைத்தாள். போன மாதம் அப்பு நிமோனியாவில் இறந்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வரவில்லை. "குரங்கு செத்ததுக்கா இவ்வளவு அழுகை? வேணும்னா வண்டலூர்ல ஒண்ணைத் தத்தெடுத்துக்கலாம்" என்று கணவர் சிரிக்கிறார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு என்பதால் அவளிடம் சொல்லாமல் பழைய படங்களையே காட்டி வருகிறேன். என் துக்கத்தைக் கணவருக்கு எப்படிப் புரியவைப்பது? பணம் அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

பதில்: கணவரின் சிரிப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் (இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம்). மகளைப் பற்றி ஒரே வரி. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பழைய படங்களைக் காட்டுகிறீர்கள். அதாவது இறந்துபோன அப்புவைக் காட்டி "பார், பழம் சாப்பிடுது" என்கிறீர்கள். அவளும் நம்பி, அடுத்த படம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். எதற்காக இத்தனையும்? மூன்றாம் வகுப்புப் பரீட்சைக்காக! அதில் நாலு மார்க் குறைந்தால் எந்தக் காலேஜில் இடம் போய்விடும், சொல்லுங்கள். பரீட்சையை விடுங்கள் அம்மா. அவள் உடைந்து அழுதால் மடியில் போட்டுக்கொள்ள வேண்டியது நீங்கள். அதற்குத்தான் தெம்பில்லை உங்களுக்கு.

தாத்தா பாட்டி போனால் பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் கொடுப்பது நம் வழக்கம். ஐந்து வயதுப் பிள்ளையும் பிடிக்கும். புகையில் கண்ணைக் கசக்கும், பெரியவர்கள் அழுவதைப் பார்த்துத் தானும் அழும், அப்புறம் பசிக்கிறது என்று கேட்கும். யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. இப்போது அபார்ட்மென்ட்டில் ஒரு சாவு என்றால் முதல் காரியமாகக் குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிக் கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறார்கள். திரும்பி வந்தால் தாத்தாவின் கட்டில் காலி. கேட்டால் "ஊருக்குப் போயிருக்கார்". இதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டுத் துக்கத்தில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அதைப் பறிக்கப் பெற்றவளுக்கும் உரிமை கிடையாது.

சிம்பன்சிகளே பரவாயில்லை. ஜாம்பியாவில் சிம்ஃபுன்ஷி என்று ஒரு காப்பகம். அங்கே தாமஸ் என்ற ஒன்பது வயது ஆண் சிம்பன்சி இறந்துபோனது. தாய் இறந்த பிறகு அதைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டது நோயல் என்ற பெண் சிம்பன்சி. நோயல் அந்த உடலருகே உட்கார்ந்து, புல் தண்டு ஒன்றை எடுத்து, தாமஸின் பற்களைச் சுத்தம் செய்தது. ஆராய்ச்சியாளர்கள் 2017இல் இதை எழுதினார்கள். இதில் எனக்கு மறக்காதது வேறு. நோயலின் மகள் நீனா, அத்தனை நேரமும் தாயின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. போய் விளையாடு என்று நோயல் அதைத் துரத்தவில்லை.

கேமரூனில் சனாகா-யோங் காப்பகத்தில் 2008இல் டோரதி என்ற வயதான சிம்பன்சி இறந்தபோதும், புதைப்பதற்கு முன் உடலைத் தள்ளுவண்டியில் வைத்து மற்ற சிம்பன்சிகள் பார்க்கக் கொண்டுவந்தார்கள். கம்பி வேலிக்குப் பின்னால் அவை வரிசையாக நின்று பார்க்கும் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு வேளை உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

இன்று சாயங்காலமே சொல்லுங்கள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்றாலும் சரி. அப்பு இறந்துவிட்டது, நுரையீரலில் நோய் வந்தது, டாக்டர்கள் பார்த்தும் பிழைக்கவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். தூங்குகிறது, சாமியிடம் போயிருக்கிறது என்றெல்லாம் மழுப்பினால் குழந்தை தூங்கவே பயப்படும். "அப்போ நேத்து காட்டின படம்?" என்று கட்டாயம் கேட்பாள். பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் பேசாமல் இருந்தால் அது அவள் நியாயம், வாங்கிக்கொள்ளுங்கள்.

சொல்லும்போது கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். ஆபீஸ் கால் இருந்தால் ஒத்திவைக்கச் சொல்லுங்கள். மகள் அழும்போது உட்கார்ந்திருப்பது தகப்பனின் கடமை. உங்கள் துக்கத்தை அவருக்குத் தனியாகப் புரியவைக்க நான் ஒரு வழியும் சொல்லப் போவதில்லை. மகள் முன்னால் அவர் சிரிக்கிறாரா, பார்ப்போம்.

இன்னொன்று. துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை என்று குறைப்படுகிறீர்களே, அப்புவுக்குப் பால் புட்டி கொடுத்து வளர்த்தவரிடம் நீங்கள் விசாரித்தீர்களா? இப்படிப்பட்ட காப்பகங்களுக்கு வரும் குட்டிகளில் பலவும் வேட்டைக்காரர்கள் தாயைக் கொன்றுவிட்டுப் பிடித்தவை. பராமரிப்பாளர்கள் இராப்பகலாக இடுப்பில் வைத்துச் சுமந்துதான் அவற்றைப் பிழைக்க வைக்கிறார்கள். சாவு வீடு அங்கே இருக்கிறது. அப்புவை வளர்த்தவருக்கு மகளை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அவள் ஆங்கிலத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், நீங்கள் திருத்த வேண்டாம்.

வண்டலூரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தத்தெடுப்புத் திட்டம் அங்கே இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பெண் பார்க்கப் போகிற அவசரம் எதற்கு?

பணத்தை நிறுத்துவதா, காப்பகத்தில் வேறு குட்டிக்கு மாற்றுவதா என்பதை என்னிடம் கேட்காதீர்கள். மகளிடம் கேளுங்கள், அவள் பிறந்தநாள் பரிசு அது. அவள் முடிவு சொல்லும் வரை இந்த மாதப் பணம் வழக்கம்போல் போகட்டும்.