சில்லு வைத்த குப்பை வாளியும் எங்கள் நாரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன முறை குளியலறைக் கைபிடிகள் பற்றி எழுதினேன். வந்த கேள்விகளில் பாதி குளியலறையைத் தாண்டி வாசலுக்கு வந்து, குப்பை வாளியடியில் நிற்கின்றன. எனக்கு அது புதினமில்லை. விழுந்து எலும்பு முறிந்த வயதானவர்கள் வீடு திரும்பமுன் அவர்களோடு கதைத்து, வீட்டையும் பழக்கத்தையும் சரிசெய்து கொடுப்பதுதான் என் தொழில். "எங்கை விழுந்தனீங்கள்?" என்று கேட்டால் முதலில் "சும்மா வெளியிலை" என்பார்கள். இரண்டாவது தேத்தண்ணீருக்குப் பிறகுதான் "பின்னை (குப்பை வாளியை) வெளியிலை வைக்கப் போய்" என்று வரும். 65 வயதைத் தாண்டி வீட்டில் வாழ்பவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழுகிறார் என்கிறது பிரித்தானியாவின் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். விழுந்தவர்கள் ஏன் வாளியைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. அப்பா போன பிறகு லண்டன் ஹரோவில் தனியே இருக்கிறா. பக்க ஒழுங்கையிலிருந்து இரண்டு பெரிய வாளிகளை வாராவாரம் மாறி மாறி இழுக்கிறா. கவுன்சிலிடம் உதவி கேட்போம் என்றால், "ஏலாது எண்டு எழுதிக் குடுத்தால் என்னைக் கொண்டுபோய் ஹோமிலை விட்டிடுவாங்கள்" என்கிறா. என்ன செய்வது?

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி மன்றத்தில், குப்பை எடுக்கும் பகுதி வேறு, முதியோர் பராமரிப்பைப் பார்க்கும் பகுதி வேறு. வாளி இழுக்க ஏலாது என்று சொன்னதற்காக யாரையும் முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதில்லை. லொறிக்காரரின் பட்டியலில் அம்மாவின் கதவு இலக்கத்துக்கு எதிரே ஒரு குறி விழும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்க வேண்டியது "அசிஸ்ரெட் கலெக்சன்". ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொல்லையும் சொன்னால் போதும். வேலையாட்களே உள்ளே வந்து வாளியை எடுத்துப்போய்க் கொட்டி, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பிரித்தானியாவில் பெரும்பாலான கவுன்சில்களில் இதற்குக் காசில்லை. அவர்கள் பார்ப்பது இரண்டு விஷயம்: விண்ணப்பிப்பவரால் முடியாதிருக்க வேண்டும், அந்த வீட்டில் முடிந்த வேறொருவர், அனேகமாக 16 வயதுக்கு மேற்பட்டவர், இருக்கக் கூடாது. சில இடங்களில் டொக்ரரின் கடிதம் கேட்பார்கள், பல இடங்களில் கேட்பதில்லை. அம்மாவின் சம்மதத்தோடு மகளாக நீங்களே போனிலோ இணையத்திலோ பதியலாம்.

படிவத்தில் "வயது போய்விட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். "முழங்கால் தேய்வு, ஊன்றுகோலோடு நடக்கிறார், வாளியைப் பிடித்தால் ஊன்றுகோலைப் பிடிக்கக் கை இல்லை" என்று எழுதுங்கள். இப்படிக் காட்சியாக எழுதினால் வாசிப்பவருக்கு உடனே பிடிபடும். வாளி எங்கே நிற்கிறது, கேற் எந்தப் பக்கம் திறக்கும், பூட்டு இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்பதையும் சேருங்கள். ஒழுங்கையில் கிடக்கும் பழைய சைக்கிள், பூச்சட்டிகளை இந்த வார இறுதியில் போய் ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஓரிரு வருடத்துக்கு ஒருக்கால் "இந்த உதவி இன்னும் வேண்டுமா?" என்று கடிதம் வரலாம். ஆங்கிலத்தில், பழுப்பு உறையில் வரும். எங்கள் ஆக்கள் அதைக் கவுன்சில் வரிக் கடிதம் என்று நினைத்து லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். பதில் போகாவிட்டால் சேவை பேசாமல் நின்றுவிடும். முடிந்தால் தொடர்புக்கு உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 71. இன்னும் தெம்பு இருக்கு, உதவி தேவையில்லை. ஆனால் வாளியைச் சரிக்கும்போது மணிக்கட்டும் நாரியும் பிடிக்கிறது. சரியாக இழுக்கும் முறை உண்டா?

உண்டு. 240 லீற்றர் வாளி ஏறத்தாழ 107 சென்ரிமீற்றர் உயரம். வெறுமையாகவே பத்துப் பன்னிரண்டு கிலோ. ஐரோப்பிய நியமப்படி அதற்குள் 96 கிலோ வரை போடலாம். உங்கள் எடையை விட அதிகமாக இருக்கக் கூடும். இந்த வகை வாளி 1968இல் இங்கிலாந்தின் ஸ்லா நகரில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பிறந்தது, தொழிற்சாலைக்குள் கழிவைத் தள்ளித் திரிய. ஒரு பக்கம் முறிந்த சீமெந்துப் பாதையில் செருப்போடு நிற்கும் தாத்தாவை அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் பார்த்த பிழைகளில் முதலாவது, நாரியை வளைத்துக் கையால் மட்டும் இழுத்துச் சரிப்பது. இரண்டு சில்லுகளுக்கும் நடுவே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கைகளாலும் கைபிடியை உங்கள் பக்கம் மெல்லச் சாய்த்தால், வாளி ஓரிடத்தில் திடீரென்று பாரமில்லாததுபோல் வந்து நிற்கும். எடை முழுவதும் சில்லில் இறங்கும் இடம் அது. அந்தக் கோணத்திலேயே வைத்துக்கொண்டு நடவுங்கள். அதைத் தாண்டிச் சரித்தால் பாரம் உங்கள் கையில் ஏறும்.

இதற்குமுன் ஒரு சோதனை: சமையலறை மேசையருகே நின்று, அதைப் பிடிக்காமல் ஒரு காலில் ஐந்து விநாடி நிற்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் தண்டில் கால் வைக்கும் வேலை உங்களுக்கானதல்ல. "தெம்பு இருக்கு" என்பதையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, மேலே அம்மாவுக்குச் சொன்னதை நீங்களும் செய்யுங்கள்.

தட்டையான நிலத்தில் வாளியை முன்னால் விட்டு இரண்டு கையாலும் தள்ளுங்கள். ஒற்றைக் கையால் பின்னால் இழுத்துக்கொண்டு போனால் தோள் முறுகும். சரிவான பாதையில் ஒரே விதி: நீங்கள் மேலே, வாளி கீழே. இறங்கும்போது வாளி உங்களுக்கு முன்னால், ஏறும்போது பின்னால். வழுக்கினால் விட்டுவிடுங்கள், அது கீழே ஓடட்டும். குப்பையைப் பொறுக்கலாம். இடுப்பெலும்பு முறிந்தால் பொறுக்க முடியாது. நடைபாதை விளிம்பில் தூக்கி இறக்காமல், சரிவாக வெட்டிவிட்ட இடமாகப் பார்த்துப் போங்கள்.

காலுக்கு மூடிய சப்பாத்து. பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால், முதல்நாள் வெளிச்சத்திலேயே வைக்க உங்கள் கவுன்சில் விடுகிறதா என்று கேளுங்கள். உறைபனி அன்று சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவே கண்ணாடியாக உறையும். உப்புத் தூவுங்கள். வெட்டிய ஈரப் புல்லை வாளி முட்டப் போடுவதையும் விடுங்கள். அறுபது, எழுபது கிலோ வெகு சுலபமாக வந்துவிடும், கைபிடியைப் பிடித்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: அசிஸ்ரெட் கலெக்சன் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் எங்கள் வீட்டை மறந்துபோகிறார்கள். எத்தனை தடவைதான் போன் பண்ணுவது?

என் மாமியாருக்கும் இதே கதை நடந்தது. வழமையாக வருபவர்கள் விடுமுறையில் போனால், புதிதாக வருபவர்கள் பட்டியலைப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு தடவை "பரவாயில்லை" என்று விட்டோம். அதுதான் பிழை.

தவறிய அன்றைக்கே, அல்லது அடுத்த நாளே, இணையத்தில் முறையிட்டு இலக்கம் வாங்கி வையுங்கள். அனேக கவுன்சில்களில் ஓரிரு நாள் கெடு உண்டு, அதற்குப் பிறகு சொன்னால் அடுத்த முறை வரட்டும் என்பார்கள். இரண்டு மூன்று இலக்கம் சேர்ந்ததும், தவறியதை அறிவிக்கும் படிவத்தை விட்டுவிட்டு முறையான புகார் கொடுங்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, உடல் இயலாமை உள்ளவருக்கு நியாயமான மாற்று ஒழுங்கு செய்வது கவுன்சிலின் கடமை. அந்த வசனத்தைப் புகாரில் எழுதுங்கள், பதிலின் தொனியே மாறும். இங்கிலாந்தில் புகாரின் எல்லாப் படியும் முடிந்தும் தீராவிட்டால், உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்பட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிப்பவரிடம்) போகலாம், காசில்லை. தவறிப்போன அசிஸ்ரெட் கலெக்சன் அவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான். என் மாமியார் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. உள்ளூர்க் கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போனது, அடுத்த வாரமே ஆள் வந்தார்.

கேள்வி: வாளியை வீதியோரத்திலேயே விட்டுவிட்டால் என்ன? தண்டம் அடிப்பார்களா? (கொவென்ற்றி)

இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, முதலில் எழுத்தில் எச்சரிக்கை வர வேண்டும். நீங்கள் விட்ட வாளி மற்றவர்களுக்குத் தொந்தரவாகவோ சுற்றுப்புறத்துக்குக் கேடாகவோ இருந்தால்தான் தண்டம். தொகை 60 முதல் 80 பவுண். ஆகவே ஒருநாள் பிந்தி உள்ளே எடுத்ததற்காக நித்திரை முழிக்க வேண்டாம். ஆனால் நிரந்தரமாக விடாதீர்கள். அதே நடைபாதையில் சக்கர நாற்காலியிலும் வெள்ளைக் கோலோடும் ஆக்கள் போகிறார்கள். அவர்களும் உங்கள் வயதுதான்.

கேள்வி: நானும் மனிசியும் மட்டும்தான். இவ்வளவு பெரிய வாளி எதற்கு?

தேவையில்லை. 140 லீற்றர் வாளி இருக்கிறதா என்று கேளுங்கள். பல கவுன்சில்கள் மாற்றித் தரும். உயரம் ஒன்றுதான் போலத் தோன்றும், ஆனால் அகலம் குறைவு, ஒடுங்கிய ஒழுங்கையில் அந்த வித்தியாசம் பெரிது. சில்லு கழன்றாலோ மூடி உடைந்தாலோ நீங்கள் கம்பி கட்டிச் சமாளிக்க வேண்டாம், அதையும் அறிவியுங்கள்.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுகிறார். அம்மாவுக்கு இரவில் பாட் (சிறுநீரை உறிஞ்சும் அணையாடை) கட்ட வேண்டியிருக்கிறது. இவற்றை எந்த வாளியில் போடுவது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றுமில்லை, எத்தனையோ வீட்டில் இதுதான் நிலை.

ஊசி எந்த வாளியிலும் போகக் கூடாது, சோடாப் போத்தலுக்குள் போட்டு மூடியும் கூடாது. வாளி கொட்டுபவரின் கையிலும் தரம்பிரிக்கும் இடத்தில் நிற்பவரின் கையிலும் அது ஏறும். மஞ்சள் நிறப் பெட்டியை ஜிபி (உங்கள் குடும்ப டொக்ரர்) மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருவார். பெட்டியில் போட்டிருக்கும் கோடு வரை நிரம்பியதும் மூடியை "கிளிக்" என்று கேட்க அழுத்திப் பூட்டுங்கள். எடுத்துப்போவது கவுன்சிலா பாமசியா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும், பெட்டி வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பாட்களை இரட்டைப் பையில் கட்டிப் பொதுக் குப்பையில் போடலாம். மறுசுழற்சி வாளியில் ஒருபோதும் வேண்டாம், ஒரு பாட் கிடந்தால் முழு வாளியையும் தள்ளிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் இடமென்றால் மணம் தாங்காது. பல கவுன்சில்களில் இதற்கென்று தனிச் சேகரிப்போ மேலதிக இடமோ உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

காது கேட்கும் கருவியின் சின்னப் பற்றரிகளும் வாளிக்குரியவை அல்ல. பற்றரிகள் லொறிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கின்றன. பெரிய சூப்பர்மார்க்கெற் வாசல்களில் அதற்குப் பெட்டி இருக்கிறது.

கேள்வி: மீன் வாங்கும் வாரங்களில் வாளி நாறுகிறது, கோடையில் புழுவும் வைக்கிறது. கழுவக் குனிந்தால் தலை சுற்றுகிறது.

குனியாதீர்கள். ஒரு முறை நானே அடியில் ஒட்டிக்கிடந்த பையை எடுக்கப் போய் இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். கால் நிலத்தை விட்டு எழும்பிய பிறகுதான் வாளியும் என்னோடு சேர்ந்து சரிகிறது என்று தெரிந்தது. எனக்கு அப்போது வயது 46, வேலை விழாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பது.

கழுவுவதென்றால் வெறும் வாளியைப் புல்லில் படுக்கவைத்து, நின்றபடி குழாயால் அடியுங்கள். அழுக்குத் தண்ணீர் வீதி வடிகாலுக்குள் போகாமல் பாருங்கள், அது பல இடங்களில் நேரே ஆற்றுக்குப் போகிறது. அதைவிட நல்லது, கழுவும் தேவையே வராமல் செய்வது. வெக்கைக் காலத்தில் ஈ முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். மீன் தலை, செதிலைத் தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, குப்பை எடுக்கும் நாள் காலையில் போடுங்கள்.

இங்கிலாந்தில் 2026 மார்ச் 31 முதல் உணவுக் கழிவை வாராவாரம் தனியே எடுக்க வேண்டும் என்பது சட்டம். சில கவுன்சில்களுக்குத் தவணை கொடுத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கு இது நல்ல சேதி. பெரிய வாளியில் பாரமும் நாற்றமும் சேர்ப்பது சோறு, கறி, எலும்பு, தேயிலைப் பைதான். அவை 23 லீற்றர் சின்ன வாளிக்குப் போய்விட்டால் பெரியது நன்றாக இலேசாகும். சின்னதை அது நிரம்பும்வரை வைத்திராதீர்கள், கால்வாசியானாலும் வாராவாரம் வையுங்கள். நிரம்பினால் அதுவும் பத்துக் கிலோ தாண்டும். குழம்புத் தண்ணீரையும் பொரித்த எண்ணெயையும் அதற்குள் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு ஞாபகம் குறைந்து வருகிறது. பிழையான நாளில் பிழையான வாளியை வெளியே வைக்கிறார். நிறுத்தச் சொன்னால் கோபம் வருகிறது.

முழுதாக நிறுத்தாதீர்கள். நாற்பது வருடம் அந்த வீட்டில் அவர் செய்த வேலை அது, பறித்தால் தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று உடைந்துபோவார். அசிஸ்ரெட் கலெக்சனுக்குப் பதிந்துவிட்டு, அவருக்குச் சின்ன உணவு வாளியை ஒப்படையுங்கள். அது ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் போவது, குழப்பம் குறைவு. கண்பார்வையும் மங்கல் என்றால் வாளி மூடிகளில் வேறு வேறு நிறத்தில் அகலமான ஸ்ரிக்கர் ஒட்டுங்கள், தடவிப் பார்க்கும் விதமாகக் கைபிடியில் கயிறு சுற்றலாம். கவுன்சில் நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுவதைவிட, முதல்நாள் மாலை நீங்களே போன் பண்ணி "அப்பா, நாளைக்கு நீலம்" என்று சொல்வது நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தம்பி ஒரு வருடமாக என் வாளியை எடுத்து வைக்கிறான். காசு கொடுத்தால் வாங்குகிறானில்லை. என்ன கொடுக்கலாம்?

மரக்கறி ரோல்ஸ். சூடாக, ஆறுக்குக் குறையாமல். காரத்தைப் பாதியாக்குங்கள், அவனுக்கு ஏதாவது ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவன் எப்போது விடுமுறையில் போகிறான் என்பதையும் அப்படியே கேட்டு, அந்த இரண்டு கிழமைக்கு வேறு ஆளைப் பார்த்து வையுங்கள்.